டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்

மாலையில் பாடங்கள் முடிந்ததும் மாணாக்கர் விரும்பிக் கூடும் இடங்களுள் கூடைப்பந்து மைதானமும் ஒன்றாகும். பத்தடி உயரத்தில் ஓர் இரும்பு வளையம். அதன்கீழ்ப் பந்தைக் கைமாற்றிக்கொண்டு பாய்ந்தோடும் இளைஞர். சுற்றிலும் நின்று ஆரவாரம் செய்யும் தோழர். இக்காட்சி கல்லூரி வாழ்வோடு கலந்துவிட்டது. உலகத்தார் ஆடிவரும் பெரிய ஆட்டங்களுள் பல, இன்னாரால் இன்ன காலத்தில் தோற்றுவிக்கப்பட்டன என்று கூற இயலாதவை. தலைமுறை தலைமுறையாக ஊர்தோறும் வளர்ந்து உருவம் பெற்றவை. கூடைப்பந்தோ அத்தகையதன்று. ஒருவர், ஒரு குளிர்காலத்தில், ஒரு வகுப்பின் பொருட்டுச் சிந்தித்து அமைத்த ஆட்டம் அது. அவரே டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவர் சர்வகலாசாலை மாணாக்கராயிருந்த காலத்தில் லக்ராஸ் என்னும் முரட்டு ஆட்டத்தில் பழகியவர் என்பதும், அவ்வாட்டத்தினின்றும் அவர் கற்ற பாடங்கள் கூடைப்பந்தின் அமைப்பில் மறைந்து நிற்கின்றன என்பதும் பலர் அறியார். ஆதலின் அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலில் லக்ராஸ் என்பது யாதென அறிதல் வேண்டும். நுனியில் வலை கட்டப்பெற்ற நீண்ட கோல் ஒன்றை ஒவ்வொரு வீரனும் கையிற் கொண்டிருப்பான். கடினமான ரப்பர்ப் பந்தை அவ்வலையில் ஏந்தி ஓடுதலும், தோழனுக்கு வீசுதலும், ஆறடி அகலமும் ஆறடி உயரமும் உள்ள எதிர்க் கோலினுள் எறிதலுமே ஆட்டம். கோல் காப்போன் ஒழிய மற்றையோர் பந்தைக் கையால் தொடலாகாது. இவ்வாட்டம் வட அமெரிக்காவின் ஆதிக்குடிகளுக்கு உரியது. அவர்களுள் அது வெறும் பொழுதுபோக்கன்று. வழிபாட்டோடும், நோய் தீர்க்கும் சடங்கோடும், குலங்களின் வழக்குத் தீர்த்தலோடும் தொடர்புடையது. கனடாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர் அதற்கு லக்ராஸ் என்று பெயரிட்டனர். 1856ஆம் ஆண்டில் மான்ட்ரியால் நகரத்தில் வெள்ளையர் அதற்கென ஒரு சங்கம் கண்டனர். அந்நகரத்துப் பல் வைத்தியரான ஜார்ஜ் பியர்ஸ் என்பவர் அதற்கு விதிகள் வகுத்தார். 1867ஆம் ஆண்டில் தேசிய லக்ராஸ் சங்கமும் தோன்றிற்று. பிறகு அவ்வாட்டம் சர்வகலாசாலைகளுள் புகுந்தது. 1877ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் சர்வகலாசாலையும் மன்ஹாட்டன் கல்லூரியும் ஆடிய ஆட்டமே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதல் லக்ராஸ் பந்தயம் என்பர். நெய்ஸ்மித் இளைஞராய் இருந்தபொழுது மான்ட்ரியால் நகரமே இவ்வாட்டத்துக்குத் தலைநகரம் போல் விளங்கிற்று.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் கனடாவில் ஒன்டேரியோ மாகாணத்து ஆல்மான்ட் என்னும் ஊரின் அருகே ஸ்காட்லாந்து மரபினரான குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயது நிரம்புமுன் பெருந்துயரம் நேர்ந்தது. 1870ஆம் ஆண்டில் விஷக்காய்ச்சல் பரவி, தந்தையையும் தாயையும் சில வார இடைவெளியில் கொண்டுபோயிற்று. தாயற்றுத் தந்தையற்று நின்ற பிள்ளைகளைத் தாய்மாமனாகிய பீட்டர் யங் என்பவர் வளர்த்தார். அவர் கண்டிப்புள்ளவர், உழைப்பையும் உண்மையையும் உயிரெனக் கொண்டவர். வயல்வேலையும் குதிரை ஓட்டுதலும் மரம் பிளத்தலும் சிறுவருக்குப் பள்ளிப்பாடத்தோடு ஒப்பப் பயிற்றப்பட்டன.

அக்கிராமத்துச் சிறுவர் ஆடிய ஆட்டம் ஒன்று பின்னர் நம் கதைக்கு வேண்டுவதாகலின் அதனை இங்கே கூறுதல் தகும். ஒரு பெரும் பாறையின்மேல் சிறிய கல் ஒன்றை வைத்து, ஒருவன் அதனைக் காத்து நிற்பான். ஏனையோர் சற்றுத் தொலைவில் கோடு கிழித்து நின்று, தத்தம் கல்லை எறிந்து அக்கல்லை வீழ்த்த முயல்வர். வலிமையெல்லாம் காட்டி நேரே எறிபவன் குறி தப்பினால், அவன் கல் நெடுந்தூரம் போய்விடும். அதனை எடுத்து மீள்வதற்குள் காவலன் அவனைத் தொட்டுவிடுவான். மெல்ல மேலே எழுந்து வளைந்து விழும்படி எறிபவனோ குறியையும் அடைவான், எளிதில் மீளவும் செய்வான். வலிமையினும் அளவறிந்த செயலே வெல்லும் என்பதனைச் சிறுவர் நெய்ஸ்மித் பாறையடியிலேயே கற்றார்.

பள்ளிப் படிப்பில் அவருக்கு அக்காலத்தில் ஊக்கம் இல்லை. பதினைந்து வயதளவில் உயர்தரப் பள்ளியை விட்டுக் காட்டில் மரம் வெட்டும் கூட்டத்தாரோடு சேர்ந்து சில ஆண்டுகள் உழைத்தார். உடல் உரம் பெற்றது. ஆயினும் உள்ளம் அமைதி பெறவில்லை. தம் வாழ்நாள் இவ்வாறே கழிதல் தகாது என்று துணிந்து, தம்மினும் இளையரான மாணாக்கரோடு மீண்டும் பள்ளியில் அமர்ந்து, விட்ட படிப்பை முடித்தார். இடையில் நின்ற கல்வியை நாணமின்றித் தொடர்தல் எத்துணை மனவலிமை வேண்டும் செயல் என்பதனைச் செய்தவரே அறிவர். 1883ஆம் ஆண்டில், குருத்தொழிலுக்கு ஆயத்தமாகும் எண்ணத்தோடு, மான்ட்ரியால் நகரத்து மெக்கில் சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

தொடக்கத்தில் அவர் புத்தகமே துணையாக அறைக்குள் அடைந்து கிடந்தார். மூத்த மாணாக்கர் இருவர் ஒருநாள் மாலை அவரிடம் வந்து, இங்ஙனம் உடலைப் புறக்கணித்தல் கேடு பயக்கும் என்றும், தேகப்பயிற்சிச் சாலைக்கு வருதல் வேண்டுமென்றும் நட்புரிமையோடு எடுத்துரைத்தனர். அவ்வறிவுரை அவர் வாழ்வையே திருப்பிற்று. சில காலத்துள் அவர் கால்பந்து, ரக்பி, லக்ராஸ், தேகப்பயிற்சி முதலிய பலவற்றில் மெக்கிலின் சார்பாக நிற்கும் தகுதி பெற்றார். ஆட்டத்தில் தேர்ந்தவர் படிப்பில் தாழ்வர் என்னும் பேச்சுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை, பட்டமும் பெற்றார். பின்னர் அந்நகரத்துப் பிரஸ்பிட்டேரியன் கலாசாலையில் இறைநூல் பயின்றார். மெக்கிலில் தேகப்பயிற்சி ஆசிரியராகவும் அமர்ந்தார்.

அந்நாளில் மான்ட்ரியால் நகரத்தில் ஷாம்ராக்ஸ் என்னும் லக்ராஸ் சங்கம் பெரும்புகழ் பெற்றிருந்தது. நெய்ஸ்மித் அதன் வீரருள் ஒருவராகவும் ஆடினார். கோலும் தோளும் மோதும் அவ்வாட்டத்தில் காயமின்றி மீள்வது அரிது. குருவாகப் பயில்வோர் இத்தகைய களங்களிற் புகுதலை ஆசிரியர் பலரும் நண்பர் பலரும் விரும்பவில்லை. ஆட்டக்களம் தீயோர் கூடும் இடம் என்பது அவர்தம் எண்ணம். ஒருமுறை முன்னாள் ஆடிய ஆட்டத்தில் இரு கண்களும் கன்றிக் கறுத்திருக்க, அக்கோலத்தோடே மறுநாள் பிரசங்க மேடையில் ஏறினார் நெய்ஸ்மித். சபையார் திகைத்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இவ்விரு வழிகளுள் எதனைக் கொள்வது என்னும் போராட்டம் அவர் உள்ளத்தில் வளர்ந்துவந்தது. அதற்கு முடிவு தந்தது ஆட்டக்களத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியே. பந்தயம் ஒன்றின் நடுவே அவர் பக்கத்தில் நின்ற தோழன் சினத்தால் தகாத சொல்லைச் சொல்லிவிட்டு, உடனே நெய்ஸ்மித் அருகில் இருப்பதனை நினைந்து வருந்தி மன்னிப்புக் கேட்டான். அவர் ஒருபொழுதும் எவரையும் கண்டித்தவரல்லர். அவர் ஒழுக்கமே அத்தோழனைத் திருத்திற்று. மேடைமீது நின்று பேசுவதனால் மட்டுமன்றி, இளைஞரோடு களத்தில் ஓடி விளையாடுவதனாலும் அவர்களை நல்வழிப்படுத்தல் கூடும் என்னும் தெளிவு அவருக்கு அன்று பிறந்தது. கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் நடத்திவந்த பயிற்சிக் கலாசாலையில் இவ்வெண்ணத்துக்கு இடமுண்டு என்று கேள்வியுற்று, 1890ஆம் ஆண்டில் அங்கே சென்றார். அவருடைய சகோதரி ஆனி அம்மையாருக்கு இது பெருந்துயரம் ஆயிற்று. தம்பி இறைப்பணியைக் கைவிட்டான் என்றே அவர் கருதினார். அம்மனக்குறை நெடுங்காலம் நீங்கவில்லை. அன்புள்ள உடன்பிறந்தாரின் மனத்தாங்கலைச் சுமந்துகொண்டே நெய்ஸ்மித் தாம் தேர்ந்த வழியிற் சென்றார்.

ஸ்பிரிங்பீல்டில் தேகப்பயிற்சித் துறைக்குத் தலைவராயிருந்தவர் லூதர் குலிக் என்னும் பேரறிஞர். 1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. வெளியே பனி மூடியமையால் கால்பந்து நின்றுபோயிற்று. உள்ளே செய்யும் தேகப்பயிற்சியோ, ஒரேவகை அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்தலாகலின், வயதில் முதிர்ந்த ஒரு வகுப்பாருக்குச் சலிப்பூட்டிற்று. பதினெண்மர் கொண்ட அவ்வகுப்பை அடக்கமாட்டாது ஆசிரியர் இருவர் கைவிட்டனர். குலிக் அதனை நெய்ஸ்மித்திடம் ஒப்புவித்து, உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை இரண்டு வாரத்துள் காணுமாறு பணித்தார்.

நெய்ஸ்மித் முதலில் பழைய ஆட்டங்களையே சுருக்கிப் பார்த்தார். ரக்பி ஆட்டம் கடினமான தரையில் ஒவ்வவில்லை. காலால் உதைக்கும் பந்தாட்டம் சன்னல்களுக்குப் பகையாயிற்று. பின்னர்த் தமக்கு உவப்பான லக்ராஸை உள்ளே கொண்டுவந்தார். இது நிச்சயமாகப் பயன்படும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அவ்வகுப்பில் கனடா நாட்டினர் சிலர் இருந்தனர். அவர்கள் வெளிமைதானத்தில் கற்ற வித்தைகளை நான்கு சுவருக்குள் காட்டத் தொடங்கவே, கோல்கள் சுழன்றன. முகங்களில் கீறல் விழுந்தது. ஒருநாளும் அவ்வாட்டம் பழகாதவர் கைகளிலேயே அடி மிகுதியாகப் பட்டது. தாம் நேசித்த ஆட்டமே தம்மைக் கைவிட்டதனைக் கண்ட நெய்ஸ்மித் மனம் சோர்ந்து தம் அறைக்கு மீண்டார். குறித்த தவணையும் முடியும் நிலையில் இருந்தது.

ஆயினும் அத்தோல்வியே அவருக்கு ஆசானாயிற்று. பழைய ஆட்டங்களைத் திருத்துவதனை விட்டு, ஆட்டம் என்பதன் கூறுகளைத் தனித்தனியே எடுத்து ஆராயத் தொடங்கினார். சிறிய பந்துக்குக் கோல் வேண்டும். கோல் இருந்தால் அடி உண்டு. ஆகவே கையாற் பிடிக்கத்தக்க பெரிய பந்தே தக்கது. பந்தோடு ஓடுபவனைப் பிறர் தடுத்து வீழ்த்தவே முயல்வர். ஆகவே பந்தைக் கையிற் கொண்டவன் ஓடலாகாது. நின்ற இடத்திலிருந்தே பிறனுக்கு வழங்குதல் வேண்டும். லக்ராஸில் போலக் கோல் நிமிர்ந்து நின்றால், வேகமாக எறிபவனுக்கே வெற்றி. வேகம் மிகுந்தால் காயமும் மிகும். அக்கோலைக் கிடையாக வைத்து, ஆட்டக்காரர் தலைக்குமேல் உயர்த்திவிட்டால் என்ன? அப்பொழுது அவருக்குப் பிறந்த ஊர்ப் பாறையும், வளைந்து விழும் கல்லும் நினைவுக்கு வந்தன. வலிமையாற் பயனில்லாமல், குறியும் நிதானமும் வேண்டப்படும் ஆட்டம் அவர் உள்ளத்தில் உருவாயிற்று.

அவர் பதின்மூன்று விதிகளை எழுதினார். தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், காலிடறச் செய்தல், அடித்தல் ஆகிய யாவும் அவற்றுள் விலக்கப்பட்டன. இரண்டாம் முறை அப்பிழை செய்தவன் அடுத்த கோல் விழும் வரையில் வெளியே நிற்றல் வேண்டும். பெட்டிகள் இரண்டு வேண்டுமெனக் கட்டடக் காவலரைக் கேட்டார். அவரிடம் பெட்டிகள் இல்லாமையால் பீச்சுப்பழக் கூடைகள் இரண்டைக் கொடுத்தார். அவை மேல்மாடக் கைப்பிடியில் அறையப்பட்டன. அக்கைப்பிடி தரையினின்றும் பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றளவும் வளையத்தின் உயரம் அதுவே. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பக்கத்துக்கு ஒன்பதின்மராக முதல் ஆட்டம் நடந்தது. அவ்வொன்பதின்மரை நிறுத்திய முறையிலும் லக்ராஸின் சாயல் காணலாம். காவலர், நடுவர், சிறகர் என்னும் வரிசைக்கு அப்பால், எதிர்க்கூடைக்கு அருகே நிற்பவனுக்கு ஹோம் என்னும் பெயரை அவர் இட்டார். லக்ராஸில் எதிர்க் கோலுக்கு அண்மையில் நிற்போருக்கு உரிய பெயர் அது. கோல் கையைவிட்டு நீங்கிற்று. களத்தின் ஒழுங்கு மட்டும் நின்றது. அடங்காத வகுப்பு ஆட்டத்தில் ஆழ்ந்தது. மாணாக்கருள் ஒருவர் இதற்கு ஆசிரியர் பெயரையே இடலாம் என்றபொழுது நெய்ஸ்மித் நகைத்து மறுத்துவிட்டார். கூடையும் பந்தும் சேர்ந்து கூடைப்பந்து என்னும் பெயரே நிலைத்தது.

1892ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்விதிகள் கலாசாலைப் பத்திரிகையில் வெளிவந்தன. ஸ்பிரிங்பீல்டில் பயின்று சென்றவர்கள் தாம் போன தேசங்களுக்கெல்லாம் அவ்வாட்டத்தைக் கொண்டுசென்றனர். நம் சென்னை மாநகரத்தில் 1920ஆம் ஆண்டில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துத் தேகப்பயிற்சிக் கலாசாலையைத் தோற்றுவித்த ஹாரி குரோ பக் என்பவரும் ஸ்பிரிங்பீல்டு மாணாக்கரே. அக்கலாசாலையில் பயின்ற ஆசிரியர்கள் வாயிலாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றிலும் அவ்வகை விளையாட்டுக்கள் பரவின. இவ்வளவு பரவிய ஆட்டத்தினின்றும் நெய்ஸ்மித் பொருள் ஈட்ட முயன்றாரல்லர். தம் ஆட்டத்தைச் சிறுவர் எங்கேனும் ஒரு மூலையில் ஆடக் காண்பதே தமக்கு ஊதியம் என அவர் கருதினார்.

1895ஆம் ஆண்டில் டென்வர் நகரத்துக்குச் சென்று, பகலில் வாலிபர் சங்கப் பணி ஆற்றிக்கொண்டே வைத்தியம் பயின்று, 1898ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே கன்ஸாஸ் சர்வகலாசாலை, வழிபாட்டை நடத்தவும் தேகப்பயிற்சி கற்பிக்கவும் வல்ல ஒருவரை நாடி அவரை அழைத்தது. எவ்விரு பணிகளும் ஒன்றோடொன்று ஒவ்வா என்று பிறர் கூறினரோ, அவ்விரண்டும் ஓரிடத்தில் அவருக்கு வாய்த்தன. 1907ஆம் ஆண்டு வரையில் அவர் அங்கே கூடைப்பந்துக் குழுவைப் பயிற்றினார். அக்குழு 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. அச்சர்வகலாசாலையின் பயிற்சியாளருள் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர், அவ்வாட்டத்தைப் படைத்த அவர் ஒருவரே என்பது வியப்பன்றோ! வெற்றி எண்ணிக்கையை அவர் பெரிதாக மதிக்கவில்லை. ஆடுவோன் உடல்நலமும் ஒழுக்கமும் பெறுகின்றானா என்பதே அவர் கேள்வி.

அவர் பண்பைத் துலக்கும் செய்தி ஒன்று அவர் முதுமையில் நிகழ்ந்தது. 1933ஆம் ஆண்டில் ஜான் மெக்லென்டன் என்னும் கறுப்பின இளைஞர் கன்ஸாஸ் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். நிறத்தின் காரணமாக அவருக்குச் சர்வகலாசாலைக் கூடைப்பந்துக் குழுவில் இடமில்லை, நீச்சற்குளமும் மறுக்கப்பட்டது. நெய்ஸ்மித் அவரைத் தம் மாணாக்கராக ஏற்று, அறிவுரை கூறி, துணை நின்றார். நீச்சற்குளத்துத் தடையும் நீங்கிற்று. ஆடுதற்கு அனுமதி பெறாத அவ்விளைஞர் பிற்காலத்தில் பெரும் பயிற்சியாளராகி, 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தம் கல்லூரிக் குழுவைத் தேசியப் பந்தயத்தில் வெற்றிபெறச் செய்தார். இதனோடு லக்ராஸின் வரலாற்றையும் ஒப்புநோக்குதல் வேண்டும். 1880ஆம் ஆண்டில் கனடாவின் லக்ராஸ் சங்கம் ஊதியம் பெறாதோர்க்கே இடமுண்டு என்று விதித்தமையால், அவ்வாட்டத்தைத் தந்த ஆதிக்குடியினரே அதன் பந்தயங்களினின்றும் விலக்கப்பட்டனர். விதிகள் ஆட்டத்தைச் செம்மை செய்யவும் கூடும். மனிதரை வெளியே நிறுத்தவும் கூடும். நெய்ஸ்மித் வகுத்த விதிகள் அடியையும் இடியையும் வெளியே நிறுத்தின. அவர் எம்மனிதரையும் வெளியே நிறுத்த விரும்பினாரல்லர்.

இடையில் குருப்பட்டமும் பெற்ற அவர், 1916ஆம் ஆண்டில் சேனைக்குக் குருவாக மெக்ஸிகோ எல்லைக்குச் சென்றார். முதலாம் உலகப்போரில், 1917 முதல் 1919 வரை, பிரான்ஸ் தேசத்தில் போர்வீரர் நடுவே வாலிபர் சங்கத்தின் சார்பாகத் தொண்டு செய்தார். 1936ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து ஒலிம்பிக் பந்தயங்களில் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. முதியவரான அவரை அங்கே அனுப்புதற்கு அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்து அன்பர்கள் சிறுதொகைகளாகப் பணம் திரட்டினர். இறுதி ஆட்டம் திறந்த வெளியில், மழையில் நனைந்து சேறான மண்தரையில் நடந்தது. அவர் பிறந்த நாடாகிய கனடாவும், வாழ்ந்த நாடாகிய அமெரிக்காவும் எதிர்நின்றன. 19க்கு 8 என அமெரிக்கா வென்றது. எப்பக்கம் வெற்றியடைந்தாலும் அவருக்கு மகிழ்ச்சியேயன்றோ! 1937ஆம் ஆண்டில் அவர் ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே மனைவியார் மாட் அம்மையாரையும் இழந்தார். 1939ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், தம் 78ஆம் வயதில், கன்ஸாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரத்தில் இறைவனடி சேர்ந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் உள்ள கூடைப்பந்துப் புகழ்மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவர் இளமையில் ஆடிய லக்ராஸும் அழிந்துபோகவில்லை. 1994ஆம் ஆண்டில் கனடா அரசினர் அதனைத் தம் நாட்டின் வேனிற்காலத் தேசிய விளையாட்டாகச் சட்டத்தால் ஏற்றனர். கனடாவின் சர்வகலாசாலைக் குழுக்கள் ஆண்டுதோறும் போட்டியிடும் கோப்பைக்கு, ஆதிக்குடியினர் அவ்வாட்டத்துக்கு வழங்கிய பழைய பெயரான பாகட்டவே என்பதே பெயராயிற்று. 1904, 1908ஆம் ஆண்டுகளில் ஒலிம்பிக் பந்தயங்களில் இடம் பெற்றிருந்த அவ்வாட்டத்தை 2028ஆம் ஆண்டுப் பந்தயங்களில் மீண்டும் சேர்ப்பதென்றும் முடிவுசெய்யப்பட்டது.

நெய்ஸ்மித் சரித்திரத்தினின்றும் மாணாக்கராகிய நாம் கொள்ளத்தக்கது யாது? தாம் விரும்பிய ஆட்டத்தின் குறையை அவர் மறைக்கவில்லை; அதனை வெறுக்கவும் இல்லை. கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளினார். உற்றார் மனம் வருந்தியபொழுதும் தமக்குத் தெளிவான வழியை விட்டாரல்லர்; அவ்வருத்தத்தை எள்ளியதும் இல்லை. மேடையும் மைதானமும் பகைவரல்ல என்பதனை வாதத்தால் நாட்டாமல் நாற்பது ஆண்டு உழைப்பால் நாட்டினார். பந்தயத்தில் வென்றார் பெயர் பலகையில் ஏறும். சில ஆண்டில் மங்கியும் போகும். பிறர் ஆடுதற்கு இடம் செய்து கொடுத்தவர் பெயரோ, பந்து வளையத்தினூடு விழும் ஓசை கேட்கும் இடமெல்லாம் நிலைத்து நிற்கும். அந்நெறியில் நம் மாணாக்கரும் நின்று, உடலும் உள்ளமும் ஒருங்கே வளரப் பெறுவார்களாக.